பெட்டிக்குள் இருந்த சேதம்

கடல்வழி வந்த சரக்கில் சேதம் நேர்ந்திருந்தால், அது எந்த இடத்தில், எவர் கண்முன், எந்த ஏட்டில் பதிவாயிற்று என்பதைப் பொறுத்தே அதற்குரிய ஈடு கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அமைந்து வந்துள்ளன. 1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபின் சுங்கமற்ற துறைமுகமாகத் தொடங்கிய பினாங்கில் இந்தப் பதிவு வேலை ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்தது. தீவுக்கும் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கும் இடைப்பட்ட நீரிணையில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, துங்காங் எனப்படும் சரக்குப் படகுகள் மூட்டைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வெல்ட் கீ கரைச்சாலைக்கு வந்தன. அங்கிருந்து அவை தொழிலாளர் முதுகிலும் கைவண்டியிலும் கிட்டங்கிகளுக்குச் சென்றன. 1904-இல் சுவெட்டன்ஹாம் துறைமேடை கட்டி முடிக்கப்பட்டுக் கப்பல்கள் நேரே கரையணையும் வசதி வந்த பின்னரும் படகு வேலை உடனே ஓய்ந்துவிடவில்லை. படகுகளில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும், கரையில் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த கூலித்தொழிலாளரும் நெடுங்காலம் உழைத்தனர்.

இவ்வளவு கைகள் மாறிய சரக்கை ஒவ்வொரு கைமாற்றத்திலும் எண்ணிக் குறிப்பதற்கென்றே கணக்குக் கிராணிகள் இருந்தனர். கப்பலின் தரப்பில் ஒருவரும் கரையின் தரப்பில் ஒருவருமாக இருவர் நின்று, இறங்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஏட்டில் ஒரு கோடு இழுத்து, நனைந்தது, கிழிந்தது, ஆணி பெயர்ந்தது, மறுகட்டுக் கட்டியது என்று சேதத்தின் வகையையும் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே எழுதி, வேலை முறை முடிந்ததும் இரு ஏடுகளையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவர். கருத்து வேறுபாடு எழுந்தால் சர்வேயர் எனப்படும் சேத மதிப்பீட்டாளர் வரவழைக்கப்படுவார். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டில் குறை ஏதும் எழுதப்படவில்லையெனில் அது தூய சீட்டு. குறை எழுதப்பட்டால் அச்சீட்டைக் கொண்டு வங்கியில் பணம் பெறுவதே கடினம். ஆகவே ஒரு கிராணியின் பென்சில் கோட்டுக்கு அன்று உண்மையான பண மதிப்பு இருந்தது.

இக்கட்டுரையாளரின் பெரியப்பா அத்தகைய கிராணிகளுள் ஒருவர். 1956 ஜனவரி முதல் நாள் அமைக்கப்பட்ட பினாங்குத் துறைமுக ஆணையம் 1960களின் பிற்பகுதியில் பட்டர்வொர்த் கரையில் ஆழ்நீர்த் துறைமேடைகளைக் கட்டியபோது, வேலை தேடி அக்கரை சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஓய்வுபெற்ற பின்னரும் எந்தப் பொருளையும் தூக்குவதற்கு முன் அதை ஒருமுறை சுற்றிவந்து பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்திறங்கும் வாடகை நாற்காலிகளைக்கூட அவர் அப்படித்தான் பார்ப்பார் என்பது குடும்பத்தில் அனைவரும் அறிந்த கேலி. இக்கட்டுரை நினைவுகூரும் நிகழ்ச்சியில் அந்தக் கேலிக்குரிய பழக்கமே பல நூறு ரிங்கிட்டைக் காப்பாற்றியது.

கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டி புழக்கத்துக்கு வந்ததோடு கிராணியின் ஏடு சுருங்கிற்று. தொழிற்சாலையிலோ தொகுப்பாளரின் கிடங்கிலோ பூட்டி முத்திரையிடப்படும் கொள்கலனைத் துறைமுகத்தில் எவரும் திறப்பதில்லை. வட பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் பாரந்தூக்கி அதை இறக்கும்போது பதியப்படுவது கொள்கலனின் எண்ணும் முத்திரையின் நிலையும் வெளிப்புற நசுங்கலும் மட்டுமே. சரக்குச் சீட்டிலும் உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றே எழுதப்படுகிறது. அதாவது உள்ளே என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதற்குக் கப்பல் நிறுவனம் சாட்சி சொல்வதில்லை. கொள்கலன் திருட்டையும் நனைவையும் பெருமளவு குறைத்தது, துறைமுகக் கூலியாளின் முதுகெலும்பைக் காத்தது என்பவை மறுக்க முடியாத நன்மைகள். ஆனால் சேதம் முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் துறைமேடையிலிருந்து வாங்குபவரின் வீட்டு வாசலுக்கு நகர்ந்துவிட்டது என்பதும், அந்த வாசலில் ஏட்டோடு நிற்க ஒருவரும் இல்லை என்பதும் அதே மாற்றத்தின் விளைவுகளே.

சட்டமும் பழைய துறைமேடையை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. கப்பல் சரக்குப் பொறுப்பை வரையறுக்கும் 1924-ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின்படி, கண்ணுக்குத் தெரியும் சேதத்தைச் சரக்கை எடுத்துச் செல்லும் வேளையிலேயே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதமாயின் 3 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே முதல்நோக்கில் கொள்ளப்படும். அரிசிக்கும் துணிக்கும் தேயிலைக்கும் 3 நாள் போதும். வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே மெல்லக் கசிந்துகொண்டிருக்கும் மின்கலத்துக்கு 3 வாரமும் போதாமற்போகலாம். மேலும், சில பெட்டிகளைப் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பச் சொல்லும் வீட்டுக்காரர் அந்தச் சரக்குச் சீட்டில் ஒரு தரப்பே அல்லர்; அவருக்குத் தெரிந்த ஒரே முகம் விற்பனையாளருடையது.

கட்டுரையாளரின் தம்பி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழில்நுட்பராகப் பணிபுரிபவர். ஜெலுத்தோங்கில் உள்ள குடும்பத்தின் வரிசைவீட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் ஏற்றப்பட்டதும், பகலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்துவைக்கும் பேட்டரியைத் தாமே கட்டுவதென்று அவர் முடிவு செய்தார். மலேசியாவில் அன்று இது பணக் கணக்கில் நியாயப்படுத்தக் கடினமான முடிவு. 2021-இல் தொடங்கிய நிகர மின்னளவீட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, மின்வாரியமாகிய தெனாகா நேஷனலின் கம்பிக்குள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் வாங்கும் யூனிட்டுக்கு ஈடாகவே 10 ஆண்டுக்குக் கழிக்கப்படுகிறது, எனவே மின்கம்பியே செலவில்லாத பேட்டரியாகிவிடுகிறது. ஆயினும் மின்தடையின்போது வீட்டைத் தாங்கும் ஆற்றலும், தன் கையால் கட்டும் ஆர்வமும் கணக்கில் வராத காரணங்கள். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பலரைப் போலவே அவருக்கும் பின்னதுதான் பெரிது.

அவர் வாங்கியது லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகைச் செல்கள். செல் என்பது மின்னாற்றலைத் தேக்கும் தனி அலகு. பல செல்களை இணைத்தால் கிடைப்பது பேட்டரி. இவ்வகையின் நேர்முனைப் பொருளை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. அதற்கு வழிவகுத்த முந்தைய ஆய்வு 1980களில் அதே ஆய்வுக்கூடத்தில் குட்இனஃபும் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரமும் இரும்புச் சல்பேட்டு போன்ற சேர்மங்களில் செய்தது. 2019-இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் மந்திரமே. லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் வெளிப்படுவதில்லை. கைப்பேசிகளில் உள்ள கோபால்ட்டு வகையைவிட இது தீப்பற்றுவது குறைவு என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுவே. குறைவு என்பதை இல்லை என்று வாசிப்போர் பலர். நசுங்கியோ அளவுமீறி மின்னேற்றப்பட்டோ சூடேறும் செல், சுடர் தெரியாவிட்டாலும், ஐதரசனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த, எரியக்கூடிய புகையைக் கக்கும். மூடிய அறையில் அந்தப் புகை சேர்வது சுடரைவிடக் கொடியது.

வீட்டுப் பேட்டரி கட்டுவோரிடையே பரவலாகப் புழங்குவது 280 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள, செங்கல் வடிவ அலுமினியக் கூட்டுச் செல். ஒன்றின் எடை ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட்; 16 செல்களை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட்டும் ஏறத்தாழ 14.3 கிலோவாட்-மணியும் கிடைக்கும். இவை பொதுவாக நான்கு நான்காக அட்டைப்பெட்டியில் வருகின்றன. சேதத்தின் பாதி வரலாறு அந்த எண்ணிலேயே இருக்கிறது. நான்கு செல்லும் பஞ்சுத் திணிப்பும் சேர்ந்த பெட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அது தனியொருவர் தூக்கக்கூடிய எடையாகவும், தூக்கியவர் மெல்ல இறக்கிவைக்க அலுத்துக்கொள்ளும் எடையாகவும் இருக்கிறது. இன்னும் கனமாக இருந்திருந்தால் பாரந்தூக்கி வண்டி தேவைப்பட்டிருக்கும். பெட்டி பலகைத் தட்டிலேயே கட்டுண்டு வந்திருக்கும். இன்னும் இலேசாக இருந்திருந்தால் விழுந்தாலும் பெரிதாக நசுங்கியிராது.

சட்டப்படி இவை ஐக்கிய நாடுகளின் பட்டியலில் 3480 என்னும் எண் கொண்ட, ஒன்பதாம் வகுப்பு ஆபத்தான சரக்கு. 2016 ஏப்ரல் முதல் இவற்றைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது தடைசெய்யப்பட்டு, சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் இருக்கக்கூடாது என்று விதிக்கப்பட்டது. பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதன்று; 2014 மார்ச்சில் காணாமற்போன எம்.எச்.370 விமானத்தின் சரக்கில் இருந்த 221 கிலோ லித்தியம் அயனி பேட்டரிகள் பாயான் லெப்பாஸில் தொகுக்கப்பட்டு லாரியில் கோலாலம்பூர் சென்றவை என்பதைச் செய்தித்தாள்கள் எழுதியபின் நெடுநாள் அங்குள்ள தேநீர்க் கடைகளில் அதுவே பேச்சாக இருந்தது. அவை விதிமுறைப்படி கட்டப்பட்டிருந்தன என்று விசாரணை அறிக்கை கூறியது பேச்சில் அவ்வளவாக எடுபடவில்லை.

இந்தச் செல்களோடு வரும் 38.3 என்னும் சோதனைச் சான்றிதழைப் பலர் காப்புறுதிப் பத்திரம்போல் நம்புகின்றனர். தாழழுத்தம், வெப்ப மாற்றம், அதிர்வு, மோதல், புறக் குறுக்குச்சுற்று முதலிய சோதனைகளை அந்த மாதிரிச் செல் தாங்கியது என்பதே அச்சான்றிதழின் பொருள். வீட்டுக்கு வந்த இந்தச் செல் வழியில் விழவில்லை என்று அது சொல்வதில்லை. பெட்டிக்கும் ஓர் அளவு உண்டு; இவ்வகைச் சரக்கின் பொதி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தாங்க வேண்டும் என்பது பொது விதி. லாரியின் பின்தட்டு ஏறக்குறைய அந்த உயரமே. ஒருமுறை விழுந்த பெட்டி இரண்டாம் முறையும் அப்படியே தாங்கும் என்று எந்த விதியும் உறுதி கூறவில்லை.

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான்கு பெட்டிகள் வீட்டு வாசலில் இறங்கின. தம்பி கத்தியை எடுத்தபோது பெரியப்பா தடுத்தார்.

"எழுதிட்டு அப்புறம் தூக்குடா தம்பி" என்றார்.

"வீடியோ எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன் பெரியப்பா, போதாதா?"

"வீடியோவில உனக்கு வேணுங்கறதத்தான் காட்டுவே. ஏட்டுல எல்லாத்தையும் எழுதணும்."

அவர் சாக்குக்கட்டியால் பெட்டிகளுக்கு எண் போட்டார். ஒவ்வொன்றும் லாரியில் எந்தப் பக்கம் மேலாக இருந்தது, எந்த மூலை நசுங்கியது, ஒட்டுநாடா ஒரே நிறமா, சுங்கத்தார் திறந்து மறுபடி ஒட்டிய அடையாளம் உண்டா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, லாரி ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கினார். மூன்றாம் பெட்டியின் ஒரு மூலை முழுதாக உள்வாங்கியிருந்தது. நான்காம் பெட்டியில் வெளிச்சேதம் எதுவும் இல்லை, ஆனால் மேல்நோக்கியிருக்க வேண்டிய அம்புக்குறி கீழ்நோக்கியிருந்தது. பெட்டி தலைகீழாக வந்திருந்தது. தம்பியின் காணொளியில் பெட்டி ஏற்கெனவே நிமிர்த்தப்பட்ட நிலையிலேயே தோன்றுகிறது. தலைகீழ் என்பது ஓட்டுநரின் கையெழுத்தோடு கூடிய ஏட்டில் மட்டுமே இருந்தது.

திறந்தபின் கண்ட சேதங்கள் ஒரே தன்மையின அல்ல. மூன்றாம் பெட்டியின் ஒன்பதாம் செல் அடிமூலையில் நசுங்கியிருந்தது. கூட்டுக்குள் மின்வாய்த் தகடுகள் சுருளாகவோ அடுக்காகவோ அமைந்திருக்க, மூலைகளில் பெரும்பாலும் சிறிது வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஆகவே மூலைச் சேதம் பார்வைக்கு அஞ்சத்தக்கதாயினும் உள்ளே எதையும் தொடாமற்போக வாய்ப்புண்டு. பத்தாம் செல்லின் அகன்ற முகத்தில் நாணய அளவுக்கு ஆழமற்ற குழி ஒன்று இருந்தது. இது பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அகன்ற முகத்துக்கு நேர்ப்பின்னால் தகடுகளே இருக்கின்றன, நேர்த்தகட்டையும் எதிர்த்தகட்டையும் பிரிக்கும் பிரிப்பான் என்னும் நெகிழிப் படலம் மயிரிழையைவிட மெல்லியது, அதன்மீது ஓரிடத்தில் விழும் அழுத்தம் காலப்போக்கில் அதைத் துளைக்கக்கூடும். பதினொன்றாம் செல்லின் நீல நெகிழி உறை மட்டும் கிழிந்திருந்தது. அழகுக் குறை என்று தள்ளிவிடக்கூடிய இதுவும் அப்படிப்பட்டதன்று: இவ்வகைச் செல்களின் அலுமினியக் கூடு பொதுவாக நேர்முனையோடு மென்தொடர்பில் இருப்பதால், வரிசையில் பக்கத்துச் செல்லின் கூட்டோடு உரசினால் அங்கே மின்னழுத்த வேறுபாடு உண்டு, உறை தேய்ந்த இடம் குறுக்குச்சுற்றின் வாயிலாகிவிடும். பன்னிரண்டாம் செல்லின் ஒரு முனை, கம்பி பூட்டும் இடம், சற்றே சாய்ந்திருந்தது.

நான்காம் பெட்டியின் பதினான்காம் செல் எவ்வகை நசுங்கலும் இல்லாமல் வழவழவென்றிருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் நகப்பூச்சு கழுவும் திரவத்தை ஒத்த இனிப்பு வாடை எழுந்தது. மின்பகுளி என்னும் உள்திரவத்தின் கரிமக் கரைப்பான்கள் ஆவியாகும்போது வரும் வாடை அது. அதில் கரைந்துள்ள லித்தியம் உப்பு ஈரக்காற்றைச் சந்தித்தால் ஐதரோபுளோரிக் அமிலம் உண்டாகிறது. பினாங்கின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வாடை வந்த செல்லை வெறுங்கையால் தொடுவதோ முகர்ந்து உறுதிசெய்வதோ கூடாது என்பதைத் தம்பி அறிந்திருந்தார். கையுறையோடு அது வெளி முற்றத்துக்குச் சென்றது. பின்னர்ப் பார்த்தபோது மின்பகுளி நிரப்பும் துளையின் அடைப்பைச் சுற்றி வெண்ணிறப் பொடி படிந்திருந்தது. நிமிர்ந்து வந்திருந்தால் அந்தக் குறையுள்ள அடைப்பு சில மாதங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கும் என்பதால், தலைகீழ்ப் பயணம் ஒருவகையில் உதவியே செய்தது எனலாம்.

அடுத்து அளவீடுகள். வோல்ட் அளவியால் மட்டும் இவ்வகைச் செல்லை எடைபோடுவது பயனற்றது; மின்னேற்றம் 20 விழுக்காடாயினும் 80 விழுக்காடாயினும் மின்னழுத்தம் 3.2-க்கும் 3.35-க்கும் இடையிலேயே தட்டையாகக் கிடக்கும். விற்பனையாளர்கள் கேட்பதோ பெரும்பாலும் இந்த ஓர் எண்ணின் படத்தைத்தான். அக மின்தடையை அளக்க, நான்கு கம்பிகளால் அளக்கும் தனிக் கருவி வேண்டும், ஏனெனில் நல்ல செல்லின் தடை 0.2 மில்லியோமை ஒட்டியது, சாதாரண அளவியின் கம்பித்தடையே அதைவிடப் பன்மடங்கு பெரிது. பன்னிரண்டாம் செல்லின் தடை மற்றவற்றைவிடப் பல மடங்காகக் காட்டியது. சாய்ந்த முனையின் அடியில் உள்ளிணைப்பு பாதி கிழிந்திருக்க வேண்டும். இத்தகைய இணைப்பில் ஒரு மில்லியோம் கூடினாலும் 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கும். கூட்டுக்கும் எதிர்முனைக்கும் இடைப்பட்ட மின்னழுத்தத்தையும் அவர் அளந்தார். அது பூஜ்யத்தை நெருங்கினால் எதிர்த்தகடு உள்ளே கூட்டைத் தொடுகிறது என்று பொருள், அத்தொடர்பில் அலுமினியம் லித்தியத்தோடு கூடி அரிக்கப்படும். ஒன்பதாம் செல் இந்தச் சோதனையில் தேறியது.

எஞ்சியது கொள்ளளவுச் சோதனை. ஒவ்வொரு செல்லையும் 3.65 வோல்ட் வரை நிரப்பி, 40 ஆம்பியர் வீதம் 2.5 வோல்ட் வரை வடித்தால், குறையற்ற செல் 7 மணி நேரம் தாங்க வேண்டும். எல்லாவற்றையும் பக்க இணைப்பில் சேர்த்து ஒரே மேசைமின்வழங்கியால் நிரப்பலாம் என்று சில வழிகாட்டிகள் எளிதாகச் சொல்வதுண்டு. 40 விழுக்காட்டில் உள்ள 16 செல்களுக்கு இன்னும் ஏறத்தாழ 2,700 ஆம்பியர்-மணி தேவை, 10 ஆம்பியர் கருவிக்கு அது பதினோரு நாள் வேலை என்பதை அவை சொல்வதில்லை. சேதம் பட்ட செல்களை நல்லவற்றோடு பக்க இணைப்பில் சேர்ப்பது வேறு காரணத்துக்காகவும் தவறு: உள்ளே குறுக்குச்சுற்று நேர்ந்தால் பதினைந்து செல்களின் மின்னோட்டமும் அந்த ஒன்றுக்குள் பாயும். ஆகவே அவை வெளி முற்றத்தில், சிமெண்டுத் தரையில், தனித்தனியே சோதிக்கப்பட்டன. ஆள் இல்லாத வேளையில் எதுவும் ஓடவில்லை.

பத்தாம் செல் கொள்ளளவுச் சோதனையில் முழு மதிப்பெண் பெற்றது. தடையும் சரி. இங்கேதான் பெரும்பாலோர் சோதனையை நிறுத்திவிடுவர். பிரிப்பானில் ஏற்படும் மென்மையான சேதம் செல்லின் மின்னேற்றத்தை நாளுக்குச் சிறுதுளியாக வடிக்கும்; தட்டையான மின்னழுத்தப் பகுதியில் வைத்துக் காத்திருந்தால் அது தெரியவே தெரியாது. தம்பியின் தொழிற்சாலைப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. அவர் எல்லாச் செல்களையும் வடித்தபின் ஒவ்வொன்றிலும் கொள்ளளவில் 5 விழுக்காடான 14 ஆம்பியர்-மணியை மட்டும் ஏற்றி, மின்னழுத்தக் கோடு செங்குத்தாக இறங்கும் அந்த அடிப்பகுதியில் நிறுத்திவைத்தார். அங்கே சிறிய இழப்பும் மின்னழுத்தத்தில் பெரிதாகத் தெரியும். வாரங்கள் செல்லச் செல்ல மற்றவை அசையாமல் நிற்க, பத்தாம் செல்லின் எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த எண்களைப் பெரியப்பாவின் ஏட்டிலேயே, தேதி வாரியாக, அவர் கையெழுத்திலேயே எழுதச் சொன்னார் தம்பி.

ஈட்டுப் பேச்சு எதிர்பார்த்தபடியே நடந்தது. விற்பனையாளர் முதலில் சிறு தொகையைத் தருவதாகவும் செல்களைப் பயன்படுத்திக்கொள்ளுமாறும் சொன்னார். திருப்பி அனுப்பு என்று அவரும் கேட்கவில்லை. சேதமடைந்த லித்தியம் செல் விமானத்தில் அறவே ஏற்றப்படாது, கப்பலிலும் தனி விதிப்படி, எரியாத திணிப்போடு, தனிப்பொதியில்தான் ஏற்றப்படும், அந்தச் செலவு செல்லின் விலையை மிஞ்சும். இந்த நிலை வாங்குபவருக்குச் சாதகம்போலத் தோன்றினாலும் உண்மையில் விற்பனையாளர் சேதத்தைத் தம் கண்ணால் பார்த்து மதிப்பிட வழியே இல்லாமற்போவதால், எல்லாம் படத்தையும் எழுத்தையும் சார்ந்துவிடுகிறது. பதினான்காம் செல்லைப் பற்றி, வீட்டில் தவறாக வைத்ததால் கசிந்தது என்று அவர் வாதிட்டபோது, ஓட்டுநர் கையெழுத்திட்ட தலைகீழ்க் குறிப்பு அனுப்பப்பட்டது. வாதம் அத்தோடு நின்றது. பன்னிரண்டாம் செல்லுக்கும் மாற்று அனுப்ப ஒப்புக்கொண்டார். பத்தாம் செல்லுக்கு, வந்தபோது அது நல்ல எண்களைக் காட்டியதாலும் குறை பல வாரம் கழித்துச் சொல்லப்பட்டதாலும், விலையில் ஒரு பகுதி மட்டுமே கிடைத்தது. இதில் அவரை முழுதும் குறைசொல்வதற்கில்லை. காலங்கடந்து வரும் கோரிக்கையை ஐயத்தோடு பார்ப்பது வணிகத்தின் பழைய வழக்கம். நூறாண்டுக்கு முந்தைய அந்த 3 நாள் விதியில் உள்ளதும் அதே ஐயந்தான்.

மாற்றாக வந்த இரண்டும் வேறு உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தவை. கொள்ளளவு சற்றே வேறுபட்டது. ஒரு செல் குறைந்ததால் பேட்டரி பதினைந்து செல் வரிசையாகக் கட்டப்பட்டது. பெயரளவு மின்னழுத்தம் 48 வோல்ட்டாகவும் கொள்ளளவு 13.4 கிலோவாட்-மணியாகவும் இறங்கின. பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை வீட்டுக்குரிய மாறு மின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரின் நிறுத்த வரம்புகளும், செல்களைத் தனித்தனியே கண்காணிக்கும் மேலாண்மைப் பலகையின் எண்ணிக்கையும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. பதினாறுக்கென்று வாங்கிய பெட்டகத்தில் பதினைந்தைப் பொருத்துவது பார்வைக்குக் குறையே. ஆனால் எண்ணை நிரப்புவதற்காக ஐயத்துக்குரிய செல்லை உள்ளே வைப்பதைவிட 0.9 கிலோவாட்-மணியை இழப்பது மலிவு என்பதில் வீட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. பதினொன்றாம் செல்லுக்குப் புதிய நெகிழி உறை போடப்பட்டது. எல்லாச் செல்களுக்கும் இடையே மின்காப்புத் தகடு செருகப்பட்டது. மூலை நசுங்கிய ஒன்பதாம் செல் வரிசையின் ஓரத்தில், நசுங்கிய பக்கம் வெளியே தெரியும்படி, வெப்ப உணரி ஒட்டப்பட்டு அமர்ந்தது. அதை அங்கே வைத்ததை மிகைத் துணிவு என்று கருதுவோர் உண்டு. அவர்கள் கருத்தையும் எளிதில் தள்ள இயலாது.

தள்ளப்பட்ட மூன்று செல்களின் கதை இன்னும் சிறிது நீண்டது. அவற்றை உப்புநீரில் போட்டால் சரியாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படும் யோசனை, முனைகளை அரித்து வாயுவை உண்டாக்குமேயன்றிச் செல்லை நம்பத்தக்க வகையில் வடிக்காது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் மின்தடைக் கம்பியின் வழியே மெல்ல வடிக்கப்பட்டு, கசிந்த பதினான்காவதோடு சேர்த்து, மழை படாத இடத்தில், மணல் நிரப்பிய இரும்புத் தொட்டியில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைக்கப்பட்டன. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளில் லித்தியம் அடங்கிய பேட்டரிக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 103 என்று ஒரு குறியீடு உண்டு. அவ்விதிமுறைகள் பெரிதும் தொழிற்சாலைகளை மனத்தில் கொண்டவை, மூன்று செல்களோடு வரும் வீட்டுக்காரரை எந்த வரிசையில் நிறுத்துவது என்பது முகப்பில் இருப்பவர்க்கும் உடனே விளங்குவதில்லை. கடைசியில் எதிர்க்கரையில் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டார். அதே தராசில் அன்று வந்த பழைய லாரிப் பேட்டரிகளுக்கு ஈயத்தின் விலைப்படி கிலோ கணக்கில் பணம் எண்ணித் தரப்பட்டது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இந்த மூன்றுக்கும் தருவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, எடையையும் குறியீட்டையும் எழுதிய ஒரு சீட்டை மட்டும் அவர் கொடுத்தார், பெரியப்பா அதை வாங்கி இருமுறை படித்து, எடை சரியாக இருக்கிறதா என்று தராசைத் திரும்பப் பார்த்துவிட்டே கையெழுத்திட்டார்.